அமெரிக்காவில் கவுண்ட்டி பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் அக்காவின் 9 வயது மகன் முதுகில் பெல்ட் தழும்பு இருப்பதைப் பள்ளியில் பார்த்துப் புகார் செய்திருக்கிறார்கள். அடித்தது அப்பா. அன்று மாலையே கவுண்ட்டி (மாவட்ட நிர்வாகம்) ஆட்கள் அவனையும் 5 வயதுத் தங்கையையும் அழைத்துப் போய்விட்டார்கள். நீங்கள் டெக்ஸஸில் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு, அவர்களுக்காக யார் பேசுவார்கள், சித்தியாக நான் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவின் டிபென்டென்சி கோர்ட்டுகளில், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பு வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்டுகளில், குழந்தைகள் தரப்பில் வேலை செய்பவள் நான். நம் குடும்பங்கள் போன் செய்தால் முதலில் கேட்பது கேஸை எப்படி முடிப்பது, வேலைக்கும் விசாவுக்கும் ஏதாவது ஆகுமா என்பதுதான். நீங்கள் பிள்ளைகளைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்கு இருக்கும் பாதுகாப்புகள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல், யாராவது நேரத்தில் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டிய நேரம் இந்த முதல் சில நாட்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். டிபென்டென்சி வழக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்புகிற வழக்கு கிடையாது. அப்பா மீது கிரிமினல் கேஸ் வந்தால் அது வேறு கோர்ட்டில், வேறு வக்கீலோடு நடக்கும். இங்கே நீதிபதி முடிவு செய்வது ஒரே விஷயம்: இந்தப் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்குமா, இல்லையென்றால் எங்கே இருக்க வேண்டும். கலிஃபோர்னியா வெல்ஃபேர் அண்ட் இன்ஸ்டிட்யூஷன்ஸ் கோடு என்ற சட்டத் தொகுப்பின் 300-வது பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்று நிரூபணமானால்தான் பிள்ளையைக் கோர்ட் தன் பொறுப்பில் எடுக்கலாம். கடுமையான உடல் காயம், கவனிக்காமல் விடுவது, பாலியல் கொடுமை, கடுமையான மனப் பாதிப்பு போன்றவை அந்தப் பட்டியலில் வரும். ஏழ்மை மட்டுமே காரணமாக இருந்தால் எடுக்க முடியாது. 2022-ல் வந்த ஒரு திருத்தம் இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. காயமில்லாமல், வயதுக்கு ஏற்ற அளவில் பின்பக்கத்தில் தட்டுவது கடுமையான காயம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெல்ட் தழும்பு அந்த விலக்குக்குள் வராது. 'எங்கள் ஊரில் இது சகஜம்' என்ற வாதத்தை உங்கள் மாமா, அதாவது பிள்ளைகளின் அப்பா, கைவிடுவது நல்லது. நீதிபதி அதைக் கேட்டால், வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் அடி விழும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தங்கை மேல் ஒரு கீறல்கூட இல்லையே, அவளை ஏன் எடுத்தார்கள் என்று அக்கா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்த பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால், அதே ஆபத்து இந்தப் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று பார்க்க 300-ல் தனி உட்பிரிவு உண்டு. அதனால் அவளுக்கும் தனியாக ஒரு மனு இருக்கும். இருவர் விஷயத்திலும் ஒரே முடிவு வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி நாட்கணக்கு. நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் பிள்ளையை எடுக்க வேண்டுமானால், வாரண்ட் வாங்கி வருவதற்குள் பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்துவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவும் அடங்கும் பகுதிக்கான மத்திய அப்பீல் கோர்ட்டான 9-வது சர்க்யூட் 2000-ல் வாலிஸ் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது அம்மா அப்பா அருகில் இருக்கும் ஆறுதலைப் பெறுவது பிள்ளையின் உரிமை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பிள்ளைகளை எடுத்த பிறகு, விடுமுறை நாட்களைக் கழித்து 48 மணி நேரத்துக்குள் கவுண்ட்டி மனுத் தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மனுப் போட்டால் அடுத்த கோர்ட் நாள் முடிவதற்குள் முதல் ஹியரிங். வியாழக்கிழமை மாலை எடுத்தார்கள் என்றால், இடையில் அரசு விடுமுறை இல்லாவிட்டால், செவ்வாய்க்குள் நீதிபதி முன்னால் வந்தாக வேண்டும். இந்த ஹியரிங்குக்கு டிட்டென்ஷன் ஹியரிங் என்று பெயர்.

அந்த ஹியரிங் பல நேரம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் தீர்மானமாகிற விஷயங்கள் பிள்ளையின் அடுத்த ஒரு வருடத்தையே பாதிக்கும். வீட்டிலிருந்து பிரிக்காமல் பாதுகாக்க வேறு வழி இருக்கிறதா என்று நீதிபதி பார்த்தே ஆக வேண்டும். பிரிக்காமல் இருக்க கவுண்ட்டி நியாயமான முயற்சி எடுத்ததா என்பதும் பதிவாக வேண்டும். 1980-ன் மத்திய சட்டத்திலிருந்து வரும் நிபந்தனை அது. உங்கள் அக்கா விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். அடித்தவர் அப்பா. அவர் வீட்டை விட்டு வெளியே தங்கி, அம்மா பிள்ளைகளைக் காப்பாற்றுவார் என்று கோர்ட் நம்பினால், பிள்ளைகள் அன்றே அம்மாவிடம் திரும்பலாம். ஆனால் அம்மா கோர்ட்டில் நின்று 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வழி அடைபடும். அக்காவுக்கும் மாமாவுக்கும் தனித்தனி வக்கீல் இருப்பது ஏன் நல்லது என்று இப்போது புரியும். வசதி இல்லாதவர்களுக்கு கோர்ட்டே வக்கீல் தரும். மொழிபெயர்ப்பாளரும் இலவசம், தமிழ் வேண்டும் என்று கேட்டாலே போதும். குடும்ப நண்பர் யாரையாவது மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இனி யார் பிள்ளைகளுக்காகப் பேசுவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

கலிஃபோர்னியாவில் பிள்ளைக்கென்று தனி வக்கீலை கோர்ட் நியமிக்க வேண்டும். பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை என்று நீதிபதி காரணத்தோடு பதிவு செய்தால் மட்டுமே விலக்கு. இந்த வக்கீல் கவுண்ட்டியின் ஆள் கிடையாது, அம்மா அப்பாவின் ஆளும் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் சில்ட்ரன்ஸ் லா சென்டர் என்ற அமைப்பு இதையே முழுநேரமாகச் செய்கிறது. மற்ற கவுண்ட்டிகளில் வேறு ஏற்பாடுகள் இருக்கும். பிள்ளைக்கு 4 வயதோ மேலோ ஆகியிருந்தால், வக்கீல் அதனிடம் நேரில் பேசி, அது என்ன விரும்புகிறது என்று தெரிந்துகொண்டு கோர்ட்டிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பிள்ளை வக்கீலிடம் சொல்வது ரகசியம்.

ஒரு வரம்பு உண்டு. வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலும், போனால் ஆபத்து என்று வக்கீலுக்குத் தெரிந்தால், அவர் திருப்பி அனுப்பும்படி வாதாடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆனாலும் பிள்ளையின் விருப்பத்தை மறைக்கக் கூடாது. இதைப் பார்த்துப் பல பெற்றோர்கள் 'பிள்ளையின் வக்கீலே நமக்கு எதிராகப் பேசுகிறார்' என்று கோபப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில், வீட்டில் மாற்றம் வந்துவிட்டது என்று பிள்ளையின் வக்கீல் நம்பிவிட்டால், நீதிபதி முன்னால் அவர் குரலுக்கு இருக்கும் எடை வேறு யாருக்கும் இல்லை. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தகவல் கொடுங்கள்.

என்ன தகவல்? வழக்கைப் பற்றி வாதாட வேண்டாம், பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா, ஆஸ்துமா பம்ப் வீட்டில் மாட்டிக்கொண்டதா, தங்கைக்கு ஆங்கிலம் சரியாக வராதா, இருட்டில் தனியாகத் தூங்க மாட்டாளா, இருவரும் முட்டைகூடச் சாப்பிடாதவர்களா. சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிட்ட பிள்ளை, ஃபாஸ்டர் வீட்டில் (கவுண்ட்டி தற்காலிகமாக வளர்க்கக் கொடுக்கும் வீடு) முதல் இரவு தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பசியோடு படுப்பதுண்டு. எதையும் கேட்கக் கூச்சப்படும் வளர்ப்பு நம்முடையது. ஒரு போன் காலில் தீர்கிற விஷயம் இது, ஆனால் அந்தப் போனை யாராவது செய்ய வேண்டும்.

பிள்ளை தன் வழக்கில் ஒரு தரப்பு. ஹியரிங்குக்கு வரவும் நீதிபதியிடம் பேசவும் உரிமை உண்டு. 10 வயது நிரம்பிய பிள்ளை வரவில்லை என்றால், முறையாகத் தகவல் சொல்லப்பட்டதா, வர வாய்ப்புக் கொடுக்கப்பட்டதா என்று நீதிபதி விசாரிக்க வேண்டும். வர விரும்பியும் அழைத்து வரவில்லை என்றால் தேதியைத் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் பையன் 9 வயதுதான், ஆனாலும் வர ஆசைப்பட்டால் வரலாம். கோர்ட் அறை பொதுமக்களுக்கு மூடியிருக்கும், ஆவணங்களும் ரகசியம். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்துக்கு அது ஓரளவு ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையைப் பார்க்கவோ போனில் பேசவோ அனுமதி கிடைத்தால், 'நீயே கீழே விழுந்தேன்னு சொல்லிடு கண்ணா' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பாட்டி சொன்னாலும் தப்புதான். சந்திப்பின்போது பெரும்பாலும் ஒருவர் கூட இருப்பார், எழுதி வைப்பார். சந்திப்பே நின்றுபோகலாம். அதைவிட, அடி வாங்கிய பிள்ளை தலையில் வீட்டின் பாரத்தையும் ஏற்றுவது கொடுமை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பிள்ளைகளை எடுத்த 30 நாட்களுக்குள் உறவினர்களைத் தேடிக் கண்டுபிடித்து, விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளுக்கு எப்படி உதவலாம் என்று கவுண்ட்டி தெரிவிக்க வேண்டும். 2008-ன் மத்திய சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே அக்காவிடம் ஸோஷியல் வொர்க்கரின் பெயரும் போன் நம்பரும் வாங்கி, 'நான் அம்மா வழிச் சித்தி, பிள்ளைகளை என்னிடம் வைத்துக்கொள்ளத் தயார்' என்று போனிலும் எழுத்திலும் சொல்லுங்கள். கோர்ட்டுக்கு ஜேவி-285 என்று ஒரு படிவம் இருக்கிறது, உறவினர் பிள்ளையைப் பற்றி நீதிபதிக்கு எழுதுவதற்கானது. அதை நிரப்பிக் கொடுங்கள். தாத்தா பாட்டி, சித்தி, அத்தை, மாமா, பெரியப்பா, வயது வந்த அண்ணன் அக்கா ஆகியோர் பிள்ளையைக் கேட்டால், முன்பின் தெரியாத ஃபாஸ்டர் குடும்பத்துக்கு முன்னால் அவர்களைப் பரிசீலிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். உறவினரின் குடியேற்ற நிலை மட்டுமே தடையாக இருக்கக் கூடாது என்றும் 2012-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருந்தாலும் நீங்கள் கேட்கலாம்.

டெக்ஸஸ் என்பதுதான் சிக்கல். வேறு மாநிலத்துக்குப் பிள்ளையை அனுப்ப, மாநிலங்களுக்கிடையேயான உடன்படிக்கையின்படி உங்கள் வீட்டை அங்கே உள்ளவர்கள் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அதற்கு 60 நாள் கெடு என்று மத்திய சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. ரத்த உறவு இல்லாவிட்டாலும், பிள்ளையோடு குடும்பம்போல் பழகிய ஒருவரிடம் கோர்ட் பிள்ளையை விடலாம். பிள்ளைகளை வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தமிழ்ப் பள்ளி டீச்சர், கோயிலில் பழகிய குடும்பம் எல்லாரும் இதில் வரலாம். கைரேகை, குற்றப் பதிவு, வீட்டுச் சோதனை எல்லாம் பார்ப்பார்கள். அவசர ஏற்பாடாகச் சில நாட்களுக்குள்ளேயே பிள்ளைகளை ஒப்படைக்கவும் முடியும். சொந்தம் யாரும் பக்கத்தில் இல்லாத நம் குடும்பங்களுக்கு இதைவிட உதவும் விதி வேறு இல்லை. மானம் போகும் என்று வெளியே சொல்லாமல் இருந்துவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும். அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க கவுண்ட்டி முயற்சி எடுக்க வேண்டும். பிரித்தால் காரணம் சொல்ல வேண்டும், சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்கெனவே வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள் என்றால், பிள்ளையின் வக்கீலுக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

ஃபாஸ்டர் வீட்டில் இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு உரிமைப் பட்டியலே கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அதில் அடிக்கக் கூடாது, போதுமான சத்தான சாப்பாடு தர வேண்டும், தன் விருப்பப்படி கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகலாம், போனில் தனிமையில் பேசலாம், வரும் கடிதத்தைப் பிறர் பிரிக்கக் கூடாது, ஆடையும் தலைக்குப் பூசும் எண்ணெயும்கூடப் பிள்ளையின் பண்பாட்டை மதிப்பதாக இருக்க வேண்டும் என்பது வரை வருகிறது. கோர்ட் உத்தரவு போட்டுக் கட்டுப்படுத்தினால் தவிர இவை செல்லும். ஸோஷியல் வொர்க்கர் இந்த உரிமைகளைப் பிள்ளைக்குப் புரியும்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது விளக்க வேண்டும். மீறினால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் மாநில ஃபாஸ்டர் கேர் ஆம்பட்ஸ்பர்சன் அலுவலகத்தில் பிள்ளையே புகார் செய்யலாம்.

பள்ளி விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. வீடு மாறினாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம். பள்ளி மாறித்தான் ஆக வேண்டும் என்றால், சான்றிதழும் தடுப்பூசிப் பதிவும் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தலைகீழாகிவிட்ட நேரத்தில் அதே வகுப்பு, அதே நண்பர்கள் என்பது அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

மருந்து விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளை அழும், தூங்காது, முரண்டு பிடிக்கும். அதற்கு மனநல மாத்திரை கொடுக்க ஃபாஸ்டர் பெற்றோரோ ஸோஷியல் வொர்க்கரோ தாமாக முடிவு செய்ய முடியாது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை என்றால், டாக்டரின் அறிக்கையோடு ஜேவி-220 என்ற விண்ணப்பம் கொடுத்து, நீதிபதி அனுமதிக்க வேண்டும். அந்த அதிகாரத்தைப் பெற்றோருக்கே தரவும் நீதிபதியால் முடியும். உண்மையான அவசர நிலைக்கு மட்டும் விலக்கு. பிள்ளையின் வக்கீல் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

இதற்கு மேல் வழக்கு எப்படிப் போகும் என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வெளியே இருந்தால் 15 கோர்ட் நாட்களுக்குள் குற்றச்சாட்டு உண்மையா என்ற விசாரணை தொடங்க வேண்டும். அதன்பின் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருக்க, தெளிவான, ஐயத்துக்கு அதிகம் இடமில்லாத ஆதாரம் வேண்டும். முதல் ஹியரிங்கில் கேட்கப்படும் ஆதாரத்தைவிட இது எவ்வளவோ உயர்ந்த அளவு. பிறகு பெற்றோருக்குக் கவுன்சலிங், பேரன்டிங் வகுப்பு என்று ஒரு திட்டம் தருவார்கள். 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் பொதுவாக 12 மாதம், முன்னேற்றம் இருந்தால் 18 வரை போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி பார்ப்பார். இந்தக் கெடுக்களும் பிள்ளைகளுக்கான பாதுகாப்புதான். பிள்ளைப் பருவம் முழுக்க முடிவு தெரியாமல் தொங்கக் கூடாது என்பதற்காக வைத்தவை. நீங்கள் சொன்ன அளவுள்ள வழக்கில், பெற்றோர் திட்டத்தை முதல் வாரத்திலிருந்தே மனதாரச் செய்தால் பிள்ளைகள் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

பெற்றோர் உரிமையை நிரந்தரமாக ரத்து செய்வது கடைசிக் கட்டம். அதற்கும் அதே உயர்ந்த அளவு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1982-ல் சாண்டோஸ்கி வழக்கில் முடிவு செய்தது. கலிஃபோர்னியாவில் 12 வயதோ மேலோ ஆன பிள்ளை எதிர்த்தால், அதுவே ரத்து செய்யாமல் இருக்க ஒரு காரணம் ஆகலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் இருக்கும் யாராவது 'எங்களுக்கும் இப்படித்தான்' என்று நினைத்துவிட வேண்டாம். 1974-ன் மத்திய சட்டம் பிள்ளைக்கு கார்டியன் அட் லைட்டம் என்று, வழக்கில் அதன் நலனுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்கிறது. அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில இடங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர் மட்டுமே இருப்பார். காசா என்று அழைக்கப்படும் அந்தத் தன்னார்வலர் முறை, சியாட்டிலில் நீதிபதி டேவிட் சூக்கப் 1977-ல் தொடங்கியது. அருமையான ஏற்பாடு, ஆனால் வக்கீலுக்கு ஈடாகாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வக்கீல் என்பது கட்டாயமாகாமல் இருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 1989-ல் டிஷானி வழக்கில், அப்பாவிடம் அடிபடுகிறான் என்று தெரிந்தும் கவுண்ட்டி எடுக்காமல் விட்ட சிறுவன் மூளை சிதைந்துபோனான். வீட்டில் இருக்கும் பிள்ளையைத் தனியாரிடமிருந்து காக்கும் கடமை அரசியல் சாசனப்படி அரசுக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அரசு தன் பொறுப்பில் எடுத்த பிள்ளை விஷயம் வேறு. எடுத்துவிட்டால் பாதுகாக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடும் என்று கீழ் அப்பீல் கோர்ட்டுகள் பலவும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஃபாஸ்டர் வீட்டில் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் கவுண்ட்டியைக் கேள்வி கேட்க முடிவது அதனால்தான்.

பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களா, எச்-4 விசாவில் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இரண்டு விஷயம். வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கார்டியன் நியமிக்கும் நிலை வந்தால் அந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வியன்னா உடன்படிக்கையின் 37-வது விதி சொல்கிறது. தன் பகுதிக்கான இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அக்காவே எழுதலாம். இன்னொன்று, கொடுமை காரணமாக அம்மா அல்லது அப்பா ஒருவரோடாவது மறுபடி சேர்ந்து வாழ வழியில்லை என்றும், பிள்ளையைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவது அதற்கு நல்லதல்ல என்றும் கோர்ட் முடிவு செய்தால், ஸ்பெஷல் இமிக்ரன்ட் ஜுவெனைல் என்ற பிரிவில் பிள்ளை கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்துப் பெற்றோர் எந்தக் குடியேற்றப் பலனும் பெற முடியாது. உங்கள் வழக்கு அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன், ஆனாலும் விசா நிலையைப் பிள்ளையின் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் ஹியரிங்கில் குடும்பத்தில் 'இந்தியன்' வம்சாவளி உண்டா என்று நீதிபதி எல்லாரிடமும் கேட்பார். 1978-ல் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக வந்த சட்டத்துக்காகக் கேட்பது அது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பூர்வகுடி இல்லை என்று அக்கா தெளிவாகச் சொல்லட்டும், தேவையில்லாமல் நாள் போகாது.

ஹியரிங் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். நேரில் வர முடிந்தால் வாருங்கள். உறவினர் உள்ளே வரலாமா என்பது நீதிபதியின் கையில்தான் இருக்கிறது, ஆனால் கோர்ட் வராந்தாவில் பிள்ளையின் வக்கீல் உங்களைச் சந்திக்க முடியும். உங்கள் முகவரி, போன் நம்பர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டா, பக்கத்தில் எந்தப் பள்ளி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுங்கள்.